தர்மபுரி, கிருஷ்ணகிரியில் சின்னப் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை: எங்கே போவது, என்ன இனிப்பு செய்து எடுத்துப்போவது?

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. தர்மபுரிக்கு மாற்றலாகி வந்து சில மாதம் ஆகிறது, மூன்று வயதில் மகளும் ஆறு வயதில் மகனும் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பிச் சாயங்காலத்துக்குள் வீடு திரும்புகிற மாதிரி எங்கே கூட்டிப்போகலாம் என்பது முதல் கேள்வி. கடைப் பண்டத்தைக் குறைத்து, பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு வீட்டிலேயே ஒரு இனிப்பு செய்து எடுத்துப்போக வேண்டும், வெயிலில் கெடவும் கூடாது, என்ன செய்யலாம் என்பது அடுத்தது.

இரண்டையும் சேர்த்தே பதில் சொல்கிறேன். கேழ்வரகு, கரும்பு, நிலக்கடலை, எள், மா என்று இனிப்புக்கு வேண்டிய எல்லாம் இந்த இரண்டு மாவட்டத்திலும் ரோட்டோரத்திலேயே விளைகிறது. சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளை கையால் உருட்டிய கேழ்வரகு உருண்டையை ஞாயிற்றுக்கிழமை கேழ்வரகு வயல் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட வைக்க முடியும். பெரிய நகரத்தில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அதனால் என் யோசனை: என்ன இனிப்பு என்று முதலில் முடிவு செய்யுங்கள். எந்தப் பக்கம் போவது என்பதை அதுவே சொல்லும்.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம் போதும். மூன்று வயதுக் குழந்தைக்குக் காலை ஏழு மணியிலிருந்து பதினொன்றரை மணி வரைதான் நல்ல நேரம். அதற்கு மேல் பசி, தூக்கம், வெயில் மூன்றும் சேர்ந்து வந்துவிடும். ஒகேனக்கல் பார்த்துவிட்டு வரும் வழியில் அதியமான்கோட்டை காலபைரவரையும் கும்பிட்டுவிட்டு வரலாம் என்று திட்டம் போட்டால், இரண்டாவது இடத்தில் பிள்ளை அழுவதை மட்டும்தான் பார்ப்பீர்கள். வண்டியில் நெடுநேரம் ஆகிற இடத்தை மகளுக்கு ஐந்து வயது ஆகிற வரை தள்ளி வைக்கலாம்.

முதலில் சிமிலியிலிருந்து தொடங்குகிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான இனிப்பு எனக்குத் தெரிந்து இல்லை. கேழ்வரகு அடை சுட்டு, அதைப் பிய்த்து, வறுத்த நிலக்கடலையும் வெல்லமும் சேர்த்து உரலில் இடித்து உருட்டுவதுதான் சிமிலி. நெய் வேண்டாம், எண்ணெயில் பொரிக்கிற வேலை இல்லை, பாகு காய்ச்சும் பயம் இல்லை. கடலையில் இருக்கிற எண்ணெயே இடிக்கும்போது கசிந்து வந்து உருண்டையைப் பிடித்துக்கொள்ளும். மெத்தென்று இருப்பதால் சின்னவள் தொண்டையிலும் சிக்காது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு. மாவுக்கு நீங்கள் அலையவும் வேண்டாம். 2023 மே மாதத்திலிருந்து தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கிற திட்டம் இருக்கிறது. அதை வாங்கிக் கல் பார்த்து, கழுவிக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொண்டால் பாக்கெட் மாவைவிட வாசனையாக இருக்கும்.

இரண்டு கப் கேழ்வரகு மாவுக்கு ஒரு கப் நிலக்கடலை, ஒரு கப் தூள் வெல்லம், இரண்டு ஏலக்காய் எடுத்துக்கொள்ளுங்கள். மாவில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசைந்து, தோசைக்கல்லில் கை கனத்துக்கும் குறைவாக அடை தட்டுங்கள். ரொம்பக் கனமாகத் தட்டினால் நடுவில் வேகாது, பச்சை மாவு வாடை அடிக்கும். சிறு தீயில் மூடி போட்டு இரண்டு பக்கமும் நன்றாக வெந்ததும் எடுத்து, சூடு தணியும் முன்பே பிய்த்துப் போட்டுவிட வேண்டும். ஆறிப்போன அடை விறைத்துவிடும், இடிபடாது. உரல் இல்லாதவர்கள் மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றலாம். முதலில் அடையை உதிரி உதிரியாக்கி, அப்புறம் கடலை, கடைசியில் வெல்லம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஓடவிட்டால் பசை மாதிரி ஆகிவிடும்.

இதில் பிள்ளைகளுக்கு வேலை நிறைய இருக்கிறது. வறுத்து ஆறின கடலையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துத் தோல் எடுப்பது மகனுக்கு. அதை முறத்தில் போட்டு ஊதுவதும் அவனே. வீடெல்லாம் தோல் பறக்கும், பரவாயில்லை, பெருக்கிக்கொள்ளலாம். மகளுக்கு உருட்டுகிற வேலை. பெரிய நெல்லிக்காய் அளவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும், கோணலாக வந்தாலும் அப்படியே டப்பாவில் வையுங்கள். தான் உருட்டியது எது என்று மறுநாள் அடையாளம் கண்டுபிடித்து எடுப்பாள்.

சிமிலிக்கு ஒரு குறை உண்டு. அடையில் ஈரப்பதம் இருப்பதால் ஒரு நாளைக்கு மேல் வெளியில் தாங்காது. சனிக்கிழமை இரவு செய்தால் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில் காலையில் எழுந்து செய்வதுதான் நல்லது.

இதற்குப் பொருத்தமான பயணம் கார்த்திகை, மார்கழியில் வரும். ஆடி, ஆவணியில் விதைத்த மானாவாரிக் கேழ்வரகு அப்போதுதான் முற்றி அறுவடைக்கு நிற்கும். பாலக்கோடு, ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை என்று எந்தச் சாலையில் போனாலும் வயல் தெரியும். கேழ்வரகுக் கதிர் விரல்களை மடக்கி வைத்த கை மாதிரி இருக்கும், பிள்ளைகளுக்குப் பார்த்ததும் பிடித்துவிடும். வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். பிள்ளைகளோடு போய்க் கேட்கிறவர்களை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் போனால் பேச்சில் கன்னடமும் தெலுங்கும் கலந்து வரும், அதையும் பிள்ளைகள் கேட்கட்டும். நேரம் இருந்தால் ஓசூர் அருகே தொரப்பள்ளியில் ராஜாஜி 1878-ல் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. சின்ன வீடு, பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

அடுத்தது வெல்லம். பாலக்கோடு, பாப்பாரப்பட்டி பக்கம் கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில், முக்கியமாகப் பொங்கலுக்கு முந்தின சில வாரங்களில், ஆலைக் கொட்டாயில் வெல்லம் காய்ச்சுவார்கள். தூரத்திலேயே வாசனை வந்துவிடும். கரும்பைப் பிழிந்த சாறு பெரிய கொப்பரையில் மணிக்கணக்கில் கொதிக்கும். சுண்ணாம்பு நீர் சேர்த்து அழுக்கை நுரையாக மேலே கொண்டுவந்து வழித்து எடுப்பார்கள். பிழிந்து போட்ட சக்கையைக் காயவைத்து அதையே அடுப்புக்கு எரிக்கிறார்கள். ஒரு டன் கரும்பிலிருந்து ஏறத்தாழ 100 கிலோ வெல்லம்தான் கிடைக்கும். இதை மகனிடம் சொன்னால் மீதி 900 கிலோ எங்கே போனது என்று கேட்பான். ஆவியாகிப் போகிற தண்ணீரையும் அடுப்பில் எரிகிற சக்கையையும் அங்கேயே காட்டலாம். ஆனால் கொப்பரை தரைமட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும், உள்ளே கொதிக்கிற பாகு தண்ணீரைவிட அதிகச் சூடு, பட்டால் தோலில் ஒட்டிக்கொள்ளும். மகளைக் கையிலேயே தூக்கிக்கொள்ளுங்கள், மகன் கையை விடாதீர்கள். ஆறிக்கொண்டிருக்கிற வெல்லத்தில் ஒரு துண்டும் ஒரு தம்ளர் கரும்புச் சாறும் கேட்டால் கொடுப்பார்கள்.

அங்கேயே வெல்லம் வாங்கிக்கொள்ளலாம். பளிச்சென்று மஞ்சளாக இருப்பது அழகாகத் தெரியும், ஆனால் நிறத்துக்காக ரசாயனம் போட்டு வெளுக்கிற வழக்கம் இருக்கிறது. பழுப்பு நிறத்தில், கொஞ்சம் கருத்துத் தெரிவதைத்தான் நான் எடுப்பேன். இனிப்பு செய்யும்போது வெல்லத்தைக் கரைத்து வடிகட்டாமல் எப்போதும் சேர்க்கக் கூடாது, அடியில் மண் நிற்கும். சிமிலி மாதிரி இடித்து உருட்டுகிற இனிப்புக்கு மட்டும் கரைக்க முடியாது என்பதால் அதற்குச் சுத்தமான தூள் வெல்லமாகப் பார்த்து வாங்குங்கள்.

வெல்லம் வாங்கி வந்த வாரம் கச்சாயம் போடுங்கள். அதிரசத்தை நம் பக்கத்தில் கச்சாயம் என்றுதான் சொல்வோம். இதற்கு முந்தின நாள் போதாது, வியாழக்கிழமையே தொடங்க வேண்டும். ஒரு கிலோ பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் பரப்பி, கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் ஒட்டக் கூடாது என்ற பக்குவத்தில் மில்லில் கொடுத்து அரைக்க வேண்டும். ஈரமாவு என்று சொல்லிக் கொடுத்தால் அவர்களுக்குத் தெரியும். காய்ந்த அரிசி மாவில் கச்சாயம் வரவே வராது. ஈரத்தில் அரைத்த மாவுதான் பாகை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம்.

எல்லாம் பாகுப் பதத்தில்தான் இருக்கிறது. வெல்லக் கரைசல் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் குறைகிறது, குறையக் குறைய அது கொதிக்கிற சூடும் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்து ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கரைந்தால் இன்னும் பதம் வரவில்லை. கரையாமல் அடியில் நின்று, விரலால் சேர்த்தால் மெத்தென்ற உருண்டையாக வந்தால் உடனே இறக்கிவிட வேண்டும். ஏறக்குறைய 112-லிருந்து 116 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இந்தப் பதம் இருக்கும். அரை நிமிடம் கவனிக்காமல் விட்டாலும் கெட்டி உருண்டைப் பதத்துக்குப் போய்விடும், கச்சாயம் கடிக்க முடியாமல் ஆகும். முன்னாலேயே இறக்கினால் எண்ணெயில் பிரிந்து உதிரும். அதனால் மாவைக் கொட்டும்போது ஒரு கைப்பிடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாகு இளகலாக இருந்துவிட்டால் அதைச் சேர்க்கலாம். இறுகிவிட்டால் கொஞ்சம் வெந்நீர் தெளித்துப் பிசையலாம். மாவு ஒரு நாளாவது மூடி இருக்கட்டும், இரண்டு நாள் இருந்தால் இன்னும் மிருதுவாக வரும். சனிக்கிழமை சாயங்காலம் வாழையிலையில் எண்ணெய் தடவித் தட்டிச் சிறு தீயில் பொரித்து, இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயைப் பிழிந்து எடுங்கள்.

பிள்ளைகளுக்கு இதில் மாவு சலிப்பதும், எள் தூவுவதும், இலையில் தட்டுவதும்தான் வேலை. பாகு அடுப்பில் இருக்கும்போதும் எண்ணெய் காயும்போதும் இரண்டு பேரும் சமையலறையில் இருக்கக் கூடாது. ஒருவர் பொரிக்க, இன்னொருவர் பிள்ளைகளை வாசலில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. ஈரம் பட்ட கை படாமல் எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் கச்சாயம் ஒரு வாரம் தாராளமாக இருக்கும். சர்க்கரைச் செறிவு அதிகமாகவும் ஈரம் குறைவாகவும் இருப்பதால் பூஞ்சை சீக்கிரம் பிடிக்காது. எந்தப் பயணத்துக்கும் எடுத்துப்போகலாம்.

கடலை உருண்டையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் நிலக்கடலைக்குப் பஞ்சமில்லை, செய்வதும் சுலபம். ஆனால் முழுக் கடலையை ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. ஓடும்போதோ சிரிக்கும்போதோ மூச்சுக்குழாயில் போய்விடும், ஆடும் வண்டியில் இன்னும் ஆபத்து. மகளுக்கு வேண்டும் என்றால் கடலையைப் பொடித்து, வெல்லத்தோடு இடித்து உருட்டிக் கொடுங்கள். எள் உருண்டையும் அப்படியே: வறுத்த கறுப்பு எள்ளும் வெல்லமும் சேர்த்து இடித்தால் பாகே வேண்டாம், எள்ளில் இருக்கிற எண்ணெயே கசிந்து உருட்ட வரும், நாலைந்து நாள் கெடாது. மகனுக்குப் பாகில் செய்த கடலை உருண்டை கொடுக்கலாம், உட்கார்ந்து சாப்பிடுவதாக இருந்தால்.

ஒப்பட்டு, அதாவது போளி, வேண்டாம். யுகாதிக்கு ஓசூர், கிருஷ்ணகிரி வீடுகளில் மணக்க மணக்கச் செய்வார்கள், பக்கத்து வீட்டிலிருந்து உங்களுக்கும் வரும், வீட்டிலேயே சாப்பிடுங்கள். பருப்புப் பூரணமும் தேங்காய்ப் பூரணமும் மூடின டப்பாவில் வெயிலில் சில மணி நேரத்தில் புளித்துவிடும். பால்கோவா, பால் அல்வா எல்லாமும் இதே கணக்குத்தான்.

சந்தையைச் சொல்ல வேண்டும். போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற சந்தை தமிழ்நாட்டின் பெரிய வாரச்சந்தைகளில் ஒன்று. ஆடு, கோழி, மாடு, தானியம், மண்பாண்டம், கயிறு என்று ஒரு ஊரே திரண்டு வந்து நிற்கும். சிறுவர்களுக்கு இதைவிட நல்ல காட்சிசாலை இல்லை என்பது என் எண்ணம். காலையில் சீக்கிரம் போய்விட வேண்டும், வெயில் ஏறினால் கூட்டமும் புழுதியும் தாங்காது. மகன் கையில் காசு கொடுத்து அரைப்படி கடலையோ எள்ளோ அவனையே விலை கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை அந்தக் கடலையில்தான் சிமிலி என்று சொல்லி வையுங்கள். மகளுக்குப் பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட்டு, உங்கள் போன் நம்பரைக் கையில் பேனாவால் எழுதிவிடுங்கள்.

ஒகேனக்கல்லைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள், எல்லோரும் முதலில் கேட்பதும் அதைத்தான். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 45 கிலோமீட்டர் சொச்சம். பார்க்க வேண்டிய இடம்தான், பிள்ளைகளோடு போகலாம், ஆனால் மாதம் பார்த்துப் போக வேண்டும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கர்நாடகத்தில் மழை பிடித்து, கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிரம்பித் திறந்துவிட்டால், இங்கே நீர்வரத்து ஒரே நாளில் பல மடங்கு ஏறிவிடும். பரிசல் ஓட்டவும் அருவியில் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும். ஐப்பசி மழையிலும் அப்படி நடப்பது உண்டு. தண்ணீர் தணிந்து, வெயிலும் கொளுத்தாமல் இருக்கிற தை, மாசிதான் குடும்பத்தோடு போக ஏற்ற காலம்.

பரிசலில் போகும்போது உயிர்காப்புச் சட்டை கட்டாயம். அது குழந்தை உடம்புக்குப் பொருந்துகிற அளவில் இருக்கிறதா என்று போட்டுப் பாருங்கள். தோளைப் பிடித்து மேலே தூக்கினால் சட்டை மட்டும் கழன்று தலைக்கு மேல் வந்தால் அதனால் பயனில்லை. மூன்று வயது மகளைப் பரிசலில் ஏற்றவே வேண்டாம் என்பது என் கருத்து. நீங்களும் மகனும் போய்வாருங்கள், அவளும் அம்மாவும் தொங்கு பாலத்திலிருந்து பார்க்கட்டும். அங்கே வனத்துறையின் முதலைகள் மறுவாழ்வு மையம் இருக்கிறது. அசையாமல் வாயைத் திறந்து கிடக்கிற முதலையை மகள் அருவியைவிட அதிக நேரம் பார்ப்பாள். காவிரியிலும் முதலை உண்டு என்பதால் குளிக்க ஒதுக்கிய இடத்தைத் தவிர வேறெங்கும் ஆற்றில் கால் வைக்கக் கூடாது. பாறை வழுக்கும், மேலே அமைதியாகத் தெரிகிற இடத்தில் அடியில் இழுப்பு இருக்கும். மீன் வறுவல் வாங்கினால் உங்கள் கண்ணெதிரே வறுத்துத் தரச்சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு மசாலா குறைவாக, முள் எடுத்து.

பென்னாகரம் தாண்டியதும் காட்டுக்குள் இறக்கமும் வளைவுமாகச் சாலை போகும். வளைவில் வாந்தி எடுக்கிற பிள்ளை என்றால் கிளம்பும் முன் இனிப்பும் பாலும் கொடுக்காதீர்கள். இரண்டு இட்லி போதும். டப்பாவை அங்கே போய் இறங்கி அரை மணி கழித்துத் திறக்கலாம். திறக்கும்போது சுற்றிலும் பாருங்கள். ஒகேனக்கல்லிலும் தீர்த்தமலையிலும் ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலையிலும் குரங்குத் தொல்லை உண்டு. பிளாஸ்டிக் கவர் சரசரக்கிற சத்தம் கேட்டாலே வந்துவிடும். பிள்ளை கையில் உருண்டையைக் கொடுத்துத் தனியாக நிற்க வைக்கக் கூடாது. குரங்கு பிடுங்க வந்தால் விட்டுவிடச் சொல்லிக் கொடுங்கள். கீறினாலோ கடித்தாலோ, காயம் சின்னதாக இருந்தாலும், சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குக் காட்ட வேண்டும்.

சும்மா ஓடியாட இடம் வேண்டும் என்றால் கிருஷ்ணகிரி அணை. தென்பெண்ணையின் குறுக்கே காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் கட்டியது, தர்மபுரியிலிருந்து நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பூங்காவில் மர நிழல் இருக்கிறது, ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து சாப்பிடலாம். மழை இருக்கிற நாளுக்குத் தர்மபுரி அரசு அருங்காட்சியகம்: வாளோடும் வில்லோடும் நிற்கிற நடுகல் வீரர்களை ஆறு வயதுப் பையனுக்கு மிகவும் பிடிக்கும். வெள்ளிக்கிழமை விடுமுறை. ரயிலில் போவதையே ஒரு பயணமாக வைக்கலாம். தர்மபுரியிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்குப் பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்வருவது சின்னவர்களுக்கு எந்தத் தீம் பார்க்கிலும் குறைந்ததில்லை. வத்தல்மலைக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டும், மேலே காபியும் மிளகும் விளைகிற தோட்டங்கள், நல்ல குளிர்ச்சி. மகள் வாந்தி எடுக்காமல் வருவாள் என்று தெரிந்த பிறகு போங்கள். தீர்த்தமலை ஏற்றம் இரண்டு வருடம் காத்திருக்கட்டும்.

மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம்தான் போக வேண்டும். சந்தூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் எங்கும் தோப்பு. செந்தூரா முதலில் வரும், பிறகு பங்கனப்பள்ளி, அல்போன்சா, மல்கோவா, கடைசியில் நீலம். பெங்களூரா என்று சொல்கிற கிளிமூக்கு மாங்காய்தான் கூழ்த் தொழிற்சாலைக்கு அதிகம் போகிறது. தோப்பில் ஆள் வைத்துப் பறிக்கும் நாளில் போனால், வலை கட்டிய தொரட்டியில் ஒவ்வொன்றாகக் கீழே விழாமல் பறிப்பதைப் பார்க்கலாம். நேரே அங்கேயே செங்காயாக ஒரு கூடை வாங்கி வந்து வைக்கோலில் பழுக்க வையுங்கள். தினம் காலையில் எது பழுத்தது என்று முகர்ந்து பார்த்துச் சொல்வது பிள்ளைகளின் வேலை.

அந்தப் பழத்தில் செய்ய வேண்டியது வெயிலில் காயவைக்கிற மாம்பழத் தகடு. நார் இல்லாத பழமாக எடுத்து, ஒரு கிலோ கூழுக்கு நூறு கிராம் வெல்லமோ சர்க்கரையோ போட்டு, அடிகனமான பாத்திரத்தில் கிளறிக் கெட்டியாக்குங்கள். நெய் தடவின தட்டில் மெல்லிசாகப் பரப்பி, மேலே மெல்லிய வேட்டித் துணி கட்டி மொட்டைமாடியில் வையுங்கள். மே மாத வெயிலில் இரண்டு மூன்று நாளில் உரிந்து வரும். அதன்மேல் இன்னொரு அடுக்கு ஊற்றியும் காயவைக்கலாம். நன்றாகக் காய்ந்திருந்தால் மாதக்கணக்கில் இருக்கும், வண்டியில் கொடுக்க இதைவிட நல்ல பண்டம் இல்லை. மகளுக்கு மட்டும் சிறு துண்டாக வெட்டிக் கொடுங்கள்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு அதிகம். வயதானவர்கள் பல்லில் பழுப்புக் கறையும் சிலருக்கு முதுகு, மூட்டு விறைப்பும் பார்க்கிறீர்களே, அதற்கு இதுவும் காரணம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகத்தான் வந்தது, 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. நிலைப்பற்கள் ஈறுக்குள்ளே உருவாகிற எட்டு வயது வரைதான் கறை படியும் காலம், உங்கள் இரண்டு பிள்ளைகளும் அந்த வயதில் இருக்கிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. ஒரு நாள் குடிப்பதால் ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் வீட்டில் தினமும் குடிப்பது காவிரித் தண்ணீரா போர் தண்ணீரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு எப்போதும் வீட்டுத் தண்ணீர், ஆளுக்கு ஒரு பாட்டிலுக்கு மேல் ஒன்று அதிகமாக. வெயில் காலத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு பையில் இருக்கட்டும்.

இனிப்பு எவ்வளவு கொடுப்பது என்றும் கேட்டீர்கள். வெல்லம் சர்க்கரைதான். அதில் இருக்கிற இரும்புச் சத்தை நம்பி அள்ளிக் கொடுக்கத் தேவையில்லை. மகளுக்கு ஒரு சிமிலி, மகனுக்கு இரண்டு, அதுவும் சாப்பாட்டோடு சேர்த்து, பிறகு வாய் கொப்பளிக்க வைத்துவிடுங்கள். உங்களோடு வருகிற உறவில் இரண்டு வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் அதற்கு வெல்லமும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் நாக்கில் தடவுவது கூடவே கூடாது. சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், நம் ஊர்ப் புளிக்கு அது நாள் முழுக்கக் கெடாது. இனிப்புத் திகட்டினால் கடித்துக்கொள்ள மகனுக்கு நான்கு நிப்பட்டு (தட்டை), காவேரிப்பட்டணம் போகிறவர்கள் யாரிடமாவது சொல்லி வாங்கி வையுங்கள்.

இப்போது ஐப்பசி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த ஞாயிறு மழை பார்த்து ரயிலில் ஓசூர் போய்வருவேன், பையில் எள் உருண்டை. அடுத்த மாதம் கேழ்வரகு வயலும் சிமிலியும், மார்கழியில் வெல்ல ஆலையும் கச்சாயமும். ஒகேனக்கல்லைத் தை அமாவாசைக் கூட்டம் வடிந்த பிறகு வருகிற ஒரு ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் இரவு, நீர்வரத்து எத்தனை கன அடி, பரிசல் ஓடுகிறதா என்று உள்ளூர்ச் செய்தியில் பார்த்துவிடுங்கள். தடை என்றால் வண்டியைக் கிருஷ்ணகிரி அணைப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம், செய்த பண்டம் அங்கேயும் தீர்ந்துவிடும்.